எச்சில் பார்க்கிறவள்

12 ஏப்ரல் 1980, சனி

முதலுதவி வகுப்பு இன்றோடு முடிந்தது. நான்கு சனிக்கிழமைகள், டியூட்டி முடிந்த கையோடு, கால் கடுக்கக் கடுக்க. எங்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து அனுப்பிய ஆறு பேரில் சர்டிபிகேட் வாங்கியது நான்கு பேர். அதில் முதல் பெயர் என்னுடையது: பாகீரதி மஹாதேவன். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. கல்கத்தாவில் அது பெரிய விஷயம்.

சொல்லிக்கொடுத்த டாக்டர் தத்தாவுக்கு இருபத்தெட்டு வயதிருக்கும். நாற்பத்தொரு வயதுக்காரியை 'திதி', அக்கா, என்று மரியாதையாகக் கூப்பிடுகிறார். இதயம் நின்றுபோனவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று ரப்பர் பொம்மையைத் தரையில் கிடத்திக் காட்டினார். பதினைந்து தடவை நெஞ்சை அமுக்கு, இரண்டு தடவை வாயில் வாய் வைத்து ஊது, மறுபடி அமுக்கு. கரையில் போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினால் அது மூச்சு இல்லை, ஏமாந்துவிடாதீர்கள் என்று மூன்று தடவை சொன்னார். என் முறை வந்தபோது பொம்மையின் வாயை ஸ்பிரிட் பஞ்சால் இரண்டு தடவை துடைத்து, மேலே என் கைக்குட்டையையும் போட்டுக்கொண்டுதான் ஊதினேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். பிறந்ததிலிருந்து தம்ளரை உதட்டில் வைத்துக் குடித்தவளில்லை நான். பெற்ற பெண் கடித்துக் கொடுத்த மாம்பழத்தைக்கூட வாங்கியதில்லை.

வீட்டில் இவர் சர்டிபிகேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இனிமே எனக்கு ஆயுசு கெட்டி. ஆனா மூச்சு நின்னாலும் மொதல்ல போய்ப் பல் தேய்ச்சுண்டு வாங்கோன்னுதான் சொல்லுவே" என்றார். பெண் விஜயா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

16 ஏப்ரல், புதன்

காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம் லோட் ஷெடிங், கரண்ட் கிடையாது. மேலே தண்ணீர் ஏறவில்லை. கீழ்வீட்டு அர்ஜுனன்தான் முற்றத்து பம்ப்பைக் கெஞ்சிக் கூத்தாடி ஓட்டுகிறார். சேலத்துக்காரர், லேக் மார்க்கெட் கடைகளுக்கெல்லாம் ஒயரிங் வேலை பார்க்கிறார். மனைவி வனஜா மாவு அரைத்து ஓட்டல்களுக்குக் கொடுக்கிறாள். இந்தக் கட்டடத்தில் பதினோரு குடித்தனமும் அர்ஜுனன் முகத்தில்தான் விழிக்கிறோம்.

22 ஏப்ரல், செவ்வாய்

ராஷ்பிஹாரி டிராம் நிறுத்தத்தில், காலை ஒன்பது மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, ஒருவர் விழுந்துவிட்டார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். வேட்டி, வங்காளி ஜிப்பா, கையில் குடை. ஒரு சத்தமும் இல்லை, நின்றவர் அப்படியே சாய்ந்தார். கால் இரண்டும் வெட்டி வெட்டி இழுத்தன. 'மிர்கி, மிர்கி' என்றார்கள், வலிப்பாம். யாரோ சாவிக்கொத்தை எடுத்து அவர் கைக்குள் திணித்தார். யாரோ செருப்பைக் கழற்றி மூக்கில் காட்டினார். ஒரு பையிலிருந்து தண்ணீர் வந்தது. அவர் வாயைத் திறந்தார், மூடினார், திறந்தார். 'மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு' என்று எல்லோரும் நிம்மதியானார்கள்.

அப்புறம் ஒரு டாக்ஸி. நாலு பேர் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள்.

கூட்டம் அப்படி நெரித்தது. உள்ளே போகவே முடியவில்லை. அடுத்த டிராமில் ஏறி, பன்னிரண்டு நிமிடம் தாமதமாக டியூட்டிக்குப் போனேன்.

23 ஏப்ரல், புதன்

நிறுத்தத்தில் பேப்பர் விற்கிறவரிடம் கேட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் போய்விட்டாராம்.

24 ஏப்ரல், வியாழன்

கூட்டம். அவ்வளவு கூட்டத்தில் யார்தான் என்ன செய்ய முடியும்?

27 ஏப்ரல், ஞாயிறு

இந்த நோட்டு யாரும் படிக்காதது. இதிலேயும் பொய் எழுதுவானேன்.

கூட்டம் இல்லை. எட்டு அல்லது ஒன்பது பேர். நான் முன்னால் நின்றேன். அவர் குடை என் கால்மேல் வந்து விழுந்தது. நான்தான் அதை எடுத்து டாக்ஸிக்குள் வைத்தேன். அவர் வாய் மீன் வாய் மாதிரிதான் திறந்தது, அது மூச்சு இல்லை என்று அங்கே எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். சர்டிபிகேட் கைப்பையில் நான்காக மடித்துக் கிடந்தது. தபாலாபீசில் காட்ட எடுத்துப் போயிருந்தேன், என்னத்துக்கு என்று இப்போது நினைவில்லை.

வெட்கம்தான். நடுத்தெருவில், அத்தனை ஆம்பிளைகள் நடுவில், புடவை கட்டின பெண்பிள்ளை ஒரு ஆணின் மேல் குனிந்து... யாராவது கத்தியிருந்தால்? போலீஸ் வந்து நீ என்னம்மா பண்ணினாய் என்று கேட்டிருந்தால்? யாருக்குத்தான் இருக்காது வெட்கம்.

30 ஏப்ரல், புதன்

டிராமுக்குப் பதில் மினிபஸ்ஸில் போகிறேன். இடுப்பு ஒடிகிறது.

9 மே, வெள்ளி

சாப்பிடும்போது பேச்சு எப்படியோ அங்கே வந்துவிட்டது. விஜயாவின் காலேஜ் சிநேகிதியின் மாமா விளையாட்டு மைதானத்தில் விழுந்து இறந்தாராம். சுற்றி நூறு பேர் நின்றார்களாம், ஒருவரும் ஒன்றும் செய்யவில்லையாம். விஜயா என்னைப் பார்த்து, "அம்மா, நீ அங்க இருந்தா பண்ணியிருப்பே இல்லே? உனக்குத்தான் தெரியுமே" என்றாள்.

"ஆமாம், பண்ணியிருப்பேன்" என்றேன். நாக்கு கூசாமல் சொன்னேன்.

இவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவருக்கும் நான் இதுவரை சொல்லவில்லை.

இப்போது முழுசாக எழுதிவிடுகிறேன். வெட்கமும் இல்லை. வெட்கப்படுகிறவளா நான்? பதினெட்டு வருஷமாக டிரங்க் கால் போர்டில் இருந்துகொண்டு கலெக்டரையும் மிரட்டியிருக்கிறேன். அவர் வெற்றிலை போட்டிருந்தார். கடைவாயிலிருந்து சிவப்பாக வழிந்து மோவாய் வரை வந்திருந்தது. அங்கே என் வாய் போக வேண்டும் என்று நினைத்தேன். குமட்டிக்கொண்டு வந்தது. அவ்வளவுதான் நடந்தது. எச்சில். ஒரு மனுஷனோட உயிரை எச்சிலுக்காக விட்டுட்டேன்.

நான் செய்திருந்தாலும் அவர் போயிருக்கலாம். செய்திருந்தால் பிழைத்திருக்கவும் செய்யலாம். முதலாவதைப் பகலெல்லாம் சொல்லிக்கொள்கிறேன், படுத்ததும் இரண்டாவதுதான் வருகிறது.

20 மே, செவ்வாய்

டாக்டர் தத்தாவைப் பார்க்கப் போனேன். ஒரு சந்தேகம் கேட்க வந்தேன் என்றேன்: வாயில் ஏதாவது இருந்தால், அசிங்கமாக இருந்தால், என்ன செய்வது? விரலால் வழித்துவிட்டு ஊதுங்கள் என்றார். அருவருப்பு வந்தால்? அவர், தான் முதல் தடவை ஒருவருக்கு ஊதியபோது பாதியில் எழுந்துபோய் வாந்தி எடுத்துவிட்டு, திரும்பி வந்து ஊதியதாகச் சொன்னார். "அருவருப்பு போன பிறகு செய்யலாம் என்று காத்திருக்காதீர்கள் திதி. அது போகாது. அதை வைத்துக்கொண்டே செய்ய வேண்டும்."

யாருக்கு நடந்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

8 ஜூன், ஞாயிறு

வெட்கக்கேடு. இவர் பாதி குடித்து வைத்த காபி மேஜையில் இருந்தது. வீட்டில் யாரும் இல்லை. இருபத்தோரு வருஷமாகக் குடித்தனம் செய்கிற புருஷனின் தம்ளர்தானே என்று எடுத்தேன், உதட்டருகில் கொண்டுபோனேன். முடியவில்லை. கொட்டிவிட்டுத் தேய்த்துக் கவிழ்த்தேன். 'என் காபி எங்கே' என்று இவர் வந்து கேட்டபோது பூனை மேல் பழி போட்டேன். எங்கள் வீட்டில் பூனை கிடையாது.

2 ஜூலை, புதன்

மழை பிடித்துக்கொண்டது. முற்றத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். நல்லதோ கெட்டதோ, இரண்டு வாரமாக அந்த நினைப்பு கொஞ்சம் விட்டிருக்கிறது.

19 ஜூலை, சனி

நேற்று எழுத முடியவில்லை. இப்போது காலை ஆறு மணி.

நேற்று மாலை நாலரைக்குக் கரண்ட் போயிற்று. எட்டு மணிக்குத்தான் வரும். ஒரு வாரமாக அதுதான் கணக்கு. பம்ப் காலையிலிருந்து ஓடவில்லை என்பதால் அர்ஜுனன் இந்த நேரத்தில் பார்த்துவிடலாம் என்று அதன் ஒயரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மெயினை அணைக்கவில்லை. இந்த ஊரில் யார் அணைக்கிறார்கள்? லோட் ஷெடிங்கே மெயினை அணைத்த மாதிரிதான் எல்லோருக்கும். நானே அப்படி எத்தனையோ தடவை பல்பு மாற்றியிருக்கிறேன்.

ஆறே கால். நல்ல வெளிச்சம் இருந்தது. நான் டியூட்டியிலிருந்து வந்து படிக்கட்டில் ஈரச் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். திடீரென்று கரண்ட் வந்துவிட்டது. கரண்ட் வந்தால் தெருவே ஒரு கத்துக் கத்துமே, 'எஷே கேச்சே!', வந்துடுத்து, என்று — மாடி மாடியாகக் குழந்தைகள், ரேடியோ, கைதட்டல். அந்தச் சத்தத்தில் அர்ஜுனன் கத்தினாரா இல்லையா என்றே யாருக்கும் தெரியாது. வனஜா கத்தினது மட்டும் கேட்டது.

பம்ப்போடு ஒட்டிக்கொண்டு கிடந்தார். வனஜா அவரைப் பிடித்து இழுக்கப் பாய்ந்தாள். நான் அவள் தலைமயிரைப் பிடித்து நிறுத்தினேன், வேறெதுவும் கைக்கு அகப்படவில்லை. மெயின், மெயின் என்று கத்தினேன். இவர் மேலிருந்து நான்கு நான்கு படியாக இறங்கி ஓடி மெயினை இறக்கினார். அர்ஜுனன் பம்ப்பிலிருந்து கழன்று தண்ணீரில் விழுந்தார். தூக்கிச் சிமெண்டு மேடையில் போட்டார்கள்.

அதற்குள் நிறையப் பேர். ஒருவர் காலைத் தேய்க்கச் சொன்னார். ஷாக் அடித்தவனை மண்ணில் புதைத்தால்தான் உடம்பிலிருக்கிற கரண்ட் இறங்கும் என்று ஒருவர். கொத்தனார் வேலைக்கு வந்த மணல் மூலையில் குவிந்து கிடந்தது. இரண்டு பேர் அவர் காலைப் பிடித்து மணல் பக்கம் இழுக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். நான் அவர் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. நெஞ்சு ஏறவில்லை. வாய் ஒரு தடவை திறந்தது, மூடியது. 'மூச்சு இருக்கு' என்றது ஒரு குரல்.

மூச்சு இல்லை. எனக்குத் தெரியும். மறுபடியும் எனக்கு மட்டும்தான் தெரியும்.

வாயோரம் நுரை. பீடி நாற்றம். உதட்டில் ரத்தம், விழுந்தபோது கடித்துக்கொண்டிருக்கிறார். அதே குமட்டல், அதே இடத்தில், தொண்டைக்குக் கீழே. கை முன்னால் போகவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எனக்குள் எண்ண ஆரம்பித்தேன், எதற்கென்று தெரியாமல். ஓடிப்போய்விடலாம், யாரும் கேட்க மாட்டார்கள், ராஷ்பிஹாரியில் யார் கேட்டார்கள்? நாலு, ஐந்து. வனஜா என் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுகிறாள், அவளுக்கு நான் எதைப் பார்த்து நிற்கிறேன் என்றே தெரியாது. ஏழு, எட்டு. போகாது, இது போகாது, இதை வச்சுண்டேதான் பண்ணணும். பத்து.

"காலை விடுங்கோ" என்று கத்தினேன். தமிழில்தான் கத்தினேன், வங்காளிகள் இருவரும் சட்டென்று விட்டுவிட்டார்கள். முந்தானையால் நுரையை வழித்தேன். தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயில் வாய் வைத்து ஊதினேன். கைக்குட்டை இல்லை. நெஞ்சு எழுந்தது. அது எழுந்ததைப் பார்த்ததும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது, குமட்டல் இருந்தது, ஆனால் யாரோ வேறு ஒருத்திக்குக் குமட்டுகிற மாதிரி இருந்தது. நெஞ்சில் கை வைத்து அமுக்கினேன். இவரை எண்ணச் சொன்னேன். இவர் அழுதுகொண்டே எண்ணினார். பதினைந்து. ஊது. பதினைந்து. ஊது. யாரோ பின்னால் 'என்ன செய்கிறாள் இவள்' என்றார்கள். எத்தனை சுற்று என்று தெரியாது. பத்துக்கு மேல் இருக்கும், இவர் பன்னிரண்டு என்கிறார். என் கை மரத்துப்போயிற்று. அப்போது என் வாய்க்குள்ளேயே இருமினார்.

இருமல். அதன் பிறகு ஒரு மூச்சு. ரம்பம் அறுப்பது போல, சத்தமாக, நிஜ மூச்சு.

டாக்ஸியில் வனஜாவும் இவரும் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் போகவில்லை. குழாயடியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். வாயை எட்டுத் தடவை கொப்பளித்தேன். அதையும் எழுதிவைக்கிறேன், இல்லையென்றால் பெரிய வீராங்கனை என்று நானே நம்பிவிடுவேன்.

20 ஜூலை, ஞாயிறு

பேசுகிறாராம். வலது கை உள்ளங்கை கருகியிருக்கிறது. ஒரு வாரம் வைத்திருப்பார்கள்.

இன்று இவரிடம் ராஷ்பிஹாரி விஷயத்தைச் சொன்னேன். குடை, வெற்றிலை, எல்லாம். முடிந்ததும், "மூணு மாசமா மினிபஸ்ஸில போனதுக்கு இதுதான் காரணமா?" என்று மட்டும் கேட்டார். விஜயாவிடம் நானே சொல்ல வேண்டும் என்றேன். ஆமாம் என்றார்.

21 ஜூலை, திங்கள்

சொன்னேன். அழுதாள். என்மேல் கோபமா என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள். நியாயமான பதில்தான்.

26 ஜூலை, சனி

மூன்றாவது மாடி நாகலக்ஷ்மி மாமி படியில் பிடித்துக்கொண்டாள். "எப்படிடீ மனசு வந்தது உனக்கு? வேத்து ஆம்பிளை, அதுவும்..." என்று இழுத்தாள். அந்த 'அதுவும்'க்குப் பின்னால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். எனக்குள்ளேயும் அது நாற்பத்தொரு வருஷமாக இருக்கிறது. கோபம் வந்தது, அவள்மேல் பாதி, என்மேல் பாதி. மனசு வரவே இல்லை மாமி, வராமலேதான் பண்ணினேன் என்று சொல்லிவிட்டு மேலே வந்தேன்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

அர்ஜுனன் வந்து ஒரு வாரம் ஆகிறது. என்னைக் கண்டால் சுவரோடு ஒண்டிப் போய்விடுகிறார். தலை நிமிர்வதில்லை. முதலில் எனக்குக் கஷ்டமாக இருந்தது. பிறகு புரிந்தது, அவருக்கும் கூச்சம்தான். ஊர் முழுவதும் சொல்லிச் சிரித்திருக்கும். பிழைத்த மனிதருக்கு வெட்கப்பட உரிமை உண்டு. படட்டும்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

வனஜா காலையில் வந்தாள். கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை, அது எனக்குப் பிடித்தது. கதவோரம் நின்றுகொண்டு, "மாமி, ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?" என்றாள். அன்று நான் டியூட்டியிலிருந்து வர இன்னும் கால் மணி நேரம் ஆகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையே அவள் ஒரு மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறாளாம். அன்றைக்குப் பண்ணினதை எனக்குச் சொல்லிக்கொடுங்கள் என்றாள்.

விஜயாவின் தலையணையைத் தரையில் போட்டுக் காட்டினேன். அமுக்குவதை உடனே பிடித்துக்கொண்டாள், மாவரைத்த கை. ஊதுகிற இடத்தில் சிரித்துவிட்டாள். கட்டின புருஷனேயானாலும் எல்லார் முன்னாடியும் எப்படி என்றாள். அப்போதுதான் நான் ராஷ்பிஹாரியைச் சொன்னேன். சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை, வந்துவிட்டது. அன்றைக்கு முற்றத்தில் அவள் புருஷன் பக்கத்திலும் பத்து எண்ணுகிற வரை சும்மா நின்றேன், அவர் எச்சிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்பதையும் சொன்னேன். இதை அவளிடம் சொல்வேன் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. இனி இவள் இந்த வீட்டுப் படி ஏற மாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

அவள் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முழங்காலில் உட்கார்ந்தாள்.

"மறுபடி மொதல்லேருந்து காட்டுங்க மாமி. எனக்கு அந்தப் பத்துகூட ஆவக் கூடாது."

காட்டினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாகலக்ஷ்மி மாமியையும் கூட்டிக்கொண்டு வருகிறாளாம்.